கோப்புக்கு வெளியே: அமெரிக்கப் பள்ளிகளில் வீடற்ற குழந்தைகளும் உடல்நலப் பரிசோதனையும்

1. கேள்வி

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் 2022–23 கல்வியாண்டில் ஏறத்தாழ 13.7 லட்சம் மாணவர்கள் வீடற்றவர்களாகக் கணக்கிடப்பட்டார்கள். நியூயார்க் நகரில் மட்டும் அதற்கடுத்த கல்வியாண்டில் 1,46,000 பேருக்கு மேல். எட்டு மாணவருக்கு ஒருவர் என்ற விகிதம். எண்ணைக் கேட்டதும் பாலத்தடியில் படுத்துறங்கும் குழந்தைதான் நினைவுக்கு வரும். ஆனால் இவர்களில் சுமார் முக்கால் பங்கினர் வாடகை கட்ட முடியாமல் உறவினர் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ ஒண்டிக்கொண்டிருப்பவர்கள். மற்றவர்கள் தங்குவிடங்களிலும் மலிவான மோட்டல் அறைகளிலும் இருக்கிறார்கள். சிலர் காருக்குள் இரவைக் கழிக்கிறார்கள். வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும்போது இவர்களைத் தனியே அடையாளம் காண முடியாது. அப்படி அடையாளம் காண முடியாமல் இருப்பதைத்தான் இந்தக் குடும்பங்களில் பல விரும்புகின்றன.

பள்ளியில் நடக்கும் உடல்நலப் பரிசோதனை இந்த விருப்பத்தோடு மோதுகிறது. கண், காது, பல், பேன், எடை என ஆண்டுதோறும் நடக்கும் சோதனைகள், நிரந்தர மருத்துவர் இல்லாத குழந்தைக்கு மருத்துவத்தோடு இருக்கும் ஒரே தொடர்பாக அமைந்துவிடுவதுண்டு. அதே வேளையில், குடும்பம் மறைத்து வைத்திருப்பது வெளியே தெரிந்துவிடக்கூடிய இடமும் அதுவே. இந்த முரணை அமெரிக்கச் சட்டமும் பள்ளி நடைமுறையும் எப்படிக் கையாள்கின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தனியுரிமைச் சட்டங்கள் கோப்பைக் காக்கின்றன. குழந்தை அம்பலமாவது பெரும்பாலும் கோப்புக்கு வெளியே நடக்கிறது என்பது என் வாதம்.

2. பரிசோதனையின் இரு பிறப்புகள்

அமெரிக்கப் பள்ளிகளில் ஒழுங்கான மருத்துவப் பார்வையீடு 1894இல் பாஸ்டனில் தொடங்கியது. நோக்கம் தொற்றுநோய்த் தடுப்பு. தொண்டை அடைப்பான் போன்ற நோயுள்ள குழந்தையைக் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்புவதோடு மருத்துவரின் வேலை முடிந்தது. நியூயார்க்கும் இதையே பின்பற்றியது. விளைவாக, கண்நோயும் சொறியும் பேனும் உள்ள ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். சிகிச்சை தர யாருமில்லாததால் அவர்கள் தெருவில் திரிந்தார்கள்.

1902இல் பொதுநலச் செவிலியரான லிலியன் வால்டின் முயற்சியால் லீனா ரோஜர்ஸ் என்ற செவிலியர் நியூயார்க்கில் நான்கு பள்ளிகளுக்கு நியமிக்கப்பட்டார். அவர் செய்தது எளிய காரியம்: புண்ணுக்குப் பள்ளியிலேயே மருந்திட்டார், வீடுகளுக்குப் போய்த் தாய்மாரிடம் பேசினார். ஓராண்டில் வெளியேற்றப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறைந்தது. பள்ளிச் செவிலியர் வரலாற்றில் இது பெருமையோடு சொல்லப்படும் கதை. கண்டுபிடித்து விலக்குவது, கண்டுபிடித்து அங்கேயே கவனிப்பது என்ற இரண்டு மரபுகள் அப்போதே பிரிந்துவிட்டன என்பதுதான் நமக்கு முக்கியம். இரண்டும் இன்றுவரை ஒரே கட்டடத்தில் குடியிருக்கின்றன.

3. சட்டம் எதைக் காக்கிறது

மாணவர் பதிவுகளைக் காக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1974இல் வந்தது. ‘ஃபெர்பா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இது, பதிவுகளைப் பார்க்கும் உரிமையைப் பெற்றோருக்குத் தருகிறது. அவர்களது எழுத்துபூர்வ சம்மதமின்றி வெளியாருக்குக் கொடுப்பதைத் தடுக்கிறது. மாணவருக்கு 18 வயதானதும் உரிமை அவருக்கு மாறுகிறது. மருத்துவத் தகவல்களுக்கென 1996இல் வந்த ‘ஹிப்பா’ சட்டம் பள்ளிக்கும் பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. பள்ளி ஊழியரான செவிலியர் எழுதிவைக்கும் பார்வைக் குறைபாடும் ஆஸ்துமா விவரமும் கல்விப் பதிவுகளாகவே கருதப்படுகின்றன. கல்வித் துறையும் சுகாதாரத் துறையும் 2008இல் கூட்டாக விளக்கம் வெளியிட்டு, 2019இல் அதைப் புதுப்பித்தும், குழப்பம் தீர்ந்தபாடில்லை. காரணம், அதே பள்ளி வளாகத்தில் வெளி மருத்துவமனை ஒன்று நடத்தும் சிகிச்சை மையம் இருந்தால் அதன் பதிவுகள் ஹிப்பாவின் கீழ் வரலாம். நடைக்கூடத்தின் இரு பக்கங்களிலும் இரு வேறு சட்டங்கள்.

வீடற்ற குழந்தைகளுக்கென்று தனியாக இருப்பது 1987இல் இயற்றப்பட்ட, பின்னர் மெக்கின்னி–வென்டோ என்று பெயர் பெற்ற சட்டம். நிலையான, ஒழுங்கான, போதுமான இரவுத் தங்குமிடம் இல்லாதவர் எவரும் இதன் கீழ் வீடற்ற மாணவரே. ஒண்டிக்கொண்டிருப்பவரும் இதில் அடக்கம். முகவரிச் சான்றோ தடுப்பூசி அட்டையோ இல்லையென்றாலும் பள்ளி உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் இதற்கென ஒரு தொடர்பு அலுவலரை நியமிக்க வேண்டும்.

2015இல் இச்சட்டம் திருத்தப்பட்டபோது இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன. குழந்தையின் வசிப்பிட நிலை பற்றிய தகவல் கல்விப் பதிவாகவே கருதப்பட வேண்டும், பொது விவரப்பட்டியலில் சேர்க்கப்படக் கூடாது என்று திருத்தம் சொன்னது. பெயர், முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றைப் பொது விவரம் என்று அறிவித்துவிட்டால், பெற்றோர் மறுப்புத் தெரிவிக்காதவரை தனிச் சம்மதம் இல்லாமலே வெளியாருக்குத் தர ஃபெர்பா இடமளிக்கிறது. தங்குவிடத்தின் முகவரி இந்த வழியாக வெளியேறாமல் இருக்கவே இந்தத் தடை. குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்த தாய்க்கு இது உயிர்ப் பாதுகாப்பு. இன்னொரு பக்கம், தேவையான தடுப்பூசிகளையும் பரிசோதனைகளையும் பெற உதவுவதைத் தொடர்பு அலுவலரின் கடமையாக அதே திருத்தம் எழுதிவைத்தது. ஆக, குழந்தை எங்கே வசிக்கிறது என்பதை மறைக்க வேண்டியவரும், அதே குழந்தையைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியவரும் ஒருவரே.

இந்தக் காப்பின் வலு எவ்வளவு? ஃபெர்பாவை மீறிய பள்ளி கூட்டாட்சி நிதியை இழக்கலாம் என்பது ஏட்டளவில் உள்ள தண்டனை. பாதிக்கப்பட்டவர் தாமே வழக்குத் தொடுக்க முடியாது என்று கொன்சாகா பல்கலைக்கழக வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தவிர, ‘கல்வி சார்ந்த நியாயமான தேவை’ உள்ள பள்ளி ஊழியர் சம்மதமின்றியே பதிவைப் பார்க்கலாம். அந்தத் தேவை யாருக்கு உண்டு என்பதைப் பள்ளியே வரையறுக்கிறது.

4. சம்மதம் யாருடையது?

அமெரிக்க நீதிமன்றங்கள் இந்த விஷயத்தை நேரடியாகத் தொட்ட இடங்கள் சிலவே. தொட்ட இடங்களில் எல்லாம் சம்மதமே மையமாக நின்றது.

1973இல் பென்சில்வேனியாவில் தீர்ப்பான மெர்ரிகென் எதிர் கிரெஸ்மன் வழக்கு ஒரு நல்ல தொடக்கப் புள்ளி. எதிர்காலத்தில் போதைப் பழக்கத்துக்கு ஆளாகக்கூடிய மாணவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வினாத்தாள் தரத் திட்டமிட்டார்கள். பெற்றோர் பிள்ளைகளிடம் அன்பாக இருக்கிறார்களா என்பது வரை கேள்விகள் நீண்டன. பெற்றோருக்கு ஒரு கடிதம் போகும். பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளப்படும் என்பதே முதலில் இருந்த ஏற்பாடு. நீதிமன்றம் திட்டத்தைத் தடுத்தது. மௌனம் சம்மதமாகாது என்ற பகுதிதான் வழக்கமாக எடுத்துக்காட்டப்படுகிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்தப் பட்டியல் உருவான பிறகு என்ன நடக்கும் என்று நீதிமன்றம் யோசித்தது: அது நீதிமன்ற ஆணையால் வெளியே இழுக்கப்படலாம், பட்டியலில் உள்ள மாணவரைச் சக மாணவர்களும் ஆசிரியர்களும் அந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்கலாம். ஃபெர்பா பிறப்பதற்கு ஓராண்டு முன்பே கோப்பைத் தாண்டிப் பார்த்த தீர்ப்பு இது. பின்னர் வந்த சட்டம் அந்தப் பார்வையைச் சுருக்கிவிட்டது என்றே சொல்வேன்.

இரண்டாவது வழக்கு ஏழைக் குழந்தைகளைப் பற்றியது. ஓக்லஹோமா மாநிலம் டல்சாவில் 1998இல், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான ‘ஹெட் ஸ்டார்ட்’ முன்பருவப் பள்ளியில் சில குழந்தைகளுக்கு உடல் பரிசோதனை நடந்தது. பிறப்புறுப்புப் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் அதில் அடங்கும். பெற்றோருக்கு முன்னறிவிப்பு இல்லை. டப்ஸ் எதிர் ஹெட் ஸ்டார்ட் என்ற இவ்வழக்கில் 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இத்தகைய பரிசோதனைக்கும் அரசியலமைப்பின் நான்காம் திருத்தம் பொருந்தும் என்றது. அரசு தேவையின்றி ஒருவர் உடலையும் உடைமையையும் சோதிப்பதைத் தடுக்கும் திருத்தம் அது. வழக்கமாகக் காவல்துறையை எதிர்த்துப் பேசப்படுவது. நல்ல நோக்கம் இருந்ததால் மட்டும் பெற்றோர் சம்மதத்தைத் தாண்டிச் செல்ல முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். வீடற்ற குழந்தைகள் ஹெட் ஸ்டார்ட்டில் வருமானச் சான்று இல்லாமலே சேரத் தகுதி பெற்றவர்கள் என்பதால் இந்த வழக்கு நம் கேள்விக்கு மிக அருகில் நிற்கிறது. வசதியுள்ள குடும்பங்கள் கட்டணம் கட்டி அனுப்பும் பள்ளியில் யாரிடமும் கேட்காமல் இதைச் செய்யத் துணிந்திருப்பார்களா என்று வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸும் ஓரளவு தலையிட்டது. முன்கூட்டித் திட்டமிடப்பட்ட, அவசரமில்லாத, உடலைத் திறந்து காட்ட வேண்டிய பரிசோதனைகளைப் பற்றிப் பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும், விலகும் வாய்ப்புத் தர வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. கண், காது, முதுகெலும்பு வளைவுப் பரிசோதனைகள் இதிலிருந்து விலக்கப்பட்டவை. முதுகெலும்புச் சோதனையில் மேலாடையைக் கழற்ற வேண்டிவரலாம். அதன் பயனை உறுதிசெய்யப் போதிய சான்றில்லை என்று அந்நாட்டின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018இல் சொன்னது. ஆயினும் விலக்கு நீடிக்கிறது.

இவை எல்லாம் பெற்றோர் ஒருவர் இருக்கிறார், அவருக்குக் கடிதம் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டவை. வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட, அல்லது வெளியேறிய பதின்வயதினர் தனியாக வரும்போது இந்தக் கட்டுமானம் ஆட்டம் காண்கிறது. ஃபெர்பா விதிகள் ஓரளவு நெகிழ்ந்து கொடுக்கின்றன: பெற்றோர் இல்லாதபோது பெற்றோராக நடந்துகொள்பவரையும் அவை பெற்றோராகவே ஏற்கின்றன. அத்தை வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு இது போதும். நண்பனின் வீட்டுச் சோபாவில் படுத்திருப்பவனுக்குப் போதாது.

சிகிச்சைச் சம்மதத்தில் மாநிலங்கள் ஆளுக்கொரு வழி போகின்றன. கலிஃபோர்னியாவில் 15 வயது நிரம்பி, பெற்றோரைப் பிரிந்து வாழ்ந்து, தன் பணத்தைத் தானே நிர்வகிப்பவர் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதிக்கலாம். ஆனால் பெற்றோர் இருக்குமிடம் அந்த இளைஞரின் பேச்சிலிருந்து மருத்துவருக்குத் தெரியவந்தால், அவர் விருப்பத்துக்கு மாறாகவும் பெற்றோருக்குத் தகவல் தர அதே சட்டம் மருத்துவரை அனுமதிக்கிறது. அடி தாங்காமல் ஓடிவந்தவனுக்கு இந்த வரி எப்படிப் படும்? ஃபுளோரிடா 16 வயது கடந்த வீடற்ற தனி இளைஞருக்குச் சான்றிதழ் தருகிறது. அதைக் காட்டினால் அவரே சம்மதிக்கலாம். 2022இல் அதே மாநிலம் இயற்றிய பெற்றோர் உரிமைச் சட்டமோ, மழலை வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை உடல்நலப் பரிசோதனைப் படிவம் எதையும் பெற்றோரின் அனுமதி பெற்ற பிறகே கொடுக்க வேண்டும் என்கிறது. பெற்றோர் உரிமை என்ற கோணத்தில் அது நியாயமாகவே தெரியும். வாரம் ஒரு மோட்டல் மாறும் தாயிடமிருந்து கையெழுத்து வாங்குவது யார் பொறுப்பு என்பதை மட்டும் அது சொல்லவில்லை. கையெழுத்து வராத பிள்ளைதான் பரிசோதனையைத் தவறவிடுகிறான். ஃபுளோரிடாச் சான்றிதழோ வேறொரு சிக்கலைக் காட்டுகிறது: மறைக்க வேண்டிய அடையாளத்தையே பையில் வைத்துக்கொண்டு, மருத்துவம் வேண்டும்போதெல்லாம் எடுத்து நீட்ட வேண்டும்.

5. கசிவு நடக்கும் இடங்கள்

பேன் பரிசோதனை பழைய மரபின் எச்சம். வகுப்பு முழுவதையும் வரிசையில் நிற்கவைத்துத் தலையைப் பிரித்துப் பார்ப்பதும், ஈர் இருந்தால் வீட்டுக்கு அனுப்புவதும் அமெரிக்கப் பள்ளிகளில் நெடுங்காலம் நடந்தன. பேன் எந்த நோயையும் பரப்புவதில்லை; இத்தகைய வகுப்புச் சோதனையால் பேன் குறைவதுமில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பலமுறை அறிவித்து, விலக்கும் கொள்கையைக் கைவிடச் சொல்லியிருக்கிறது. வரிசையில் மற்றவர் கண்முன் நடக்கும் இந்தச் சோதனையில் ஃபெர்பா காக்கும் பதிவு எதுவும் உருவாகவே வேண்டியதில்லை. பெயர் எழுதப்படாமலே குழந்தை அடையாளம் காணப்பட்டுவிடுகிறது. தனித் துவாலையும் தலையணையும் இல்லாத, பத்துப்பேர் நெருக்கியடித்துப் படுக்கும் அறையிலிருந்து வரும் குழந்தை திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டால், வகுப்பு தானாக ஒரு முடிவுக்கு வந்துவிடும்.

வீட்டுக்குப் போகும் கடிதம் இன்னொன்று. ஆர்க்கன்சா மாநிலம் 2003இல் மாணவர்களின் உடல் எடைக் குறியீட்டை அளந்து பெற்றோருக்கு அறிக்கை அனுப்பத் தொடங்கியது. பிற மாநிலங்களும் தொடர்ந்தன. கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் இத்தகைய அறிக்கைகளால் எடையில் மாற்றம் வரவில்லை என்றும், பள்ளியில் எடை பார்க்கப்பட்ட குழந்தைகளிடம் தம் உடல்மீதான அதிருப்தி கூடியது என்றும் தெரியவந்தது. ஒண்டுமிடத்தில் வந்து விழும் இந்தக் கடிதத்தை முதலில் பிரிப்பவர் யார் என்ற கேள்வி அந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது. வீட்டுக்காரர் படிப்பார். குழந்தைக்கு ஏதோ நோய் என்று நினைத்தால் குடும்பமே தெருவுக்கு வர நேரலாம். ஒண்டியிருப்பவர் கையில் வாடகை ஒப்பந்தமா இருக்கிறது?

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விடக் கனமானது. ஆசிரியரும் பள்ளிச் செவிலியரும் குழந்தை புறக்கணிப்பைப் பற்றிச் சந்தேகம் வந்தால் அரசுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். சொத்தைப் பல், உடைந்த கண்ணாடி, மருந்து தீர்ந்துபோன ஆஸ்துமா உறிஞ்சி ஆகியவை வறுமையின் அடையாளங்களா, புறக்கணிப்பின் அடையாளங்களா? வாஷிங்டன் மாநிலச் சட்டம் வறுமையும் வீடின்மையும் தம்மளவில் புறக்கணிப்பு ஆகாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. இப்படிச் சொல்ல வேண்டியிருப்பதே அச்சத்தின் ஆழத்தைக் காட்டும். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அஞ்சும் தாய், பரிசோதனை நாளில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். 2025 ஜனவரியில், பள்ளி போன்ற இடங்களில் குடிவரவுக் கைது நடவடிக்கையைக் கட்டுப்படுத்திய கூட்டாட்சி வழிகாட்டல் நீக்கப்பட்ட பிறகு, தங்குவிடங்களில் இருக்கும் குடியேறிக் குடும்பங்களின் கணக்கில் இன்னொரு வரி கூடியிருக்கிறது.

கோப்பே கசிவதும் உண்டு. 2022இல் லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாவட்டத்தின்மீது நடந்த இணையத் தாக்குதலில் சுமார் 2,000 மாணவர்களின் மதிப்பீட்டுப் பதிவுகள் இருண்ட இணையத்தில் வெளியாயின. 2024 டிசம்பரில், பள்ளிகளுக்கு மென்பொருள் வழங்கும் பவர்ஸ்கூல் நிறுவனத்தின் தரவுத்தளம் ஊடுருவப்பட்டபோது சில மாணவர்களின் மருத்துவக் குறிப்புகளும் களவு போயின. செய்தித்தாள்கள் தனியுரிமை என்றதும் இதைப் பற்றியே எழுதுகின்றன. இதன் கடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் திருடப்பட்ட தரவு கோடிக்கணக்கான பெயர்களில் ஒன்றாகக் கிடக்கிறது. வகுப்பறையில் பரவும் பேச்சு மறுநாள் காலை அந்தக் குழந்தைக்காகவே காத்திருக்கிறது.

6. குறியிடாமல் கவனிப்பது

இங்கே இரண்டு தரப்பு வாதங்கள் உள்ளன. அடையாளம் கண்டால்தான் உதவ முடியும் என்பது ஒன்று. மெக்கின்னி–வென்டோ நிதியும் போக்குவரத்து வசதியும் கணக்கில் ஏறிய குழந்தைக்கே கிடைக்கின்றன. கணக்கில் வராதவர் பலர் என்று தொடர்பு அலுவலர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அடையாளமே காயம் என்பது மற்றது. இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது தவறான ஏற்பாடு என்று நினைக்கிறேன். கணக்கெடுப்பையும் கவனிப்பையும் ஒரே படிவத்தில், ஒரே நாளில், ஒரே வரிசையில் செய்வதால்தான் அவை மோதுகின்றன.

மதிய உணவு விஷயத்தில் அமெரிக்கா ஒரு விடையைக் கண்டது. 2010 சட்டத்தின்படி, வறிய மாணவர் விகிதம் ஒரு வரம்பைத் தாண்டிய பள்ளிகள் எல்லா மாணவருக்கும் இலவச உணவு தரலாம். இந்த வரம்பு 2023இல் 40 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. யார் ஏழை என்று உணவு வரிசையில் தெரியாது. நிதிக்கான கணக்கோ அலுவலகத்தில் வேறு தரவுகளைக் கொண்டு நடந்துவிடுகிறது.

பார்வைப் பரிசோதனையில் பால்டிமோர் நகரம் இதற்கு நெருங்கி வந்தது. 2016இல் தொடங்கிய திட்டத்தில் பள்ளியிலேயே எல்லா மாணவருக்கும் கண் சோதிக்கப்பட்டது, தேவைப்பட்டவரைப் பள்ளி வாசலுக்கு வந்த வாகனத்தில் மருத்துவர் பார்த்தார், கண்ணாடி இலவசம். பெற்றோரின் அனுமதிக் கையெழுத்து தேவைப்பட்டது. ஆனால் வெளி மருத்துவரிடம் முன்பதிவு, பயணச் செலவு, காப்பீட்டு அட்டை எதுவும் தேவைப்படவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2,000க்கு மேற்பட்ட மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். முதலாண்டில் வாசிப்பு மதிப்பெண் கூடியது. பின்தங்கியிருந்த மாணவர்களிடம் பலன் அதிகமாகத் தெரிந்தது. இரண்டாம் ஆண்டில் அந்த ஏற்றம் நிலைக்கவில்லை. கண்ணாடி தொலைந்தோ உடைந்தோ போய், மாணவர்கள் அணிவது குறைந்தது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

அந்த இரண்டாம் ஆண்டுதான் வீடற்ற குழந்தைக்குரிய இடம். அடிக்கடி இடம் மாறும்போது முதலில் தொலைவது இப்படிப்பட்ட சிறு பொருள்கள். பள்ளியும் மாறினால் பரிசோதனைக் குறிப்பு பின்னாலேயே வந்து சேர வாரங்கள் ஆகலாம். காரணம் கேட்காமல் மாற்றுக் கண்ணாடி தரும் பள்ளியில் ‘எப்படித் தொலைத்தாய்?’ என்ற கேள்விக்கு அந்தக் குழந்தை பதில் சொல்ல வேண்டியதில்லை. வீட்டைப் பற்றிய பேச்சே எழாது. நியூயார்க்கில் 1987இல் தொடங்கப்பட்ட குழந்தைகள் நல நிதியம் எடுத்த வழி வேறு. அது மருத்துவ வாகனத்தைத் தங்குவிடங்களுக்கும் குடும்பங்கள் அடைத்துவைக்கப்பட்டிருந்த விடுதிகளுக்கும் அனுப்பியது. அங்கே எல்லோரும் வீடற்றவர்கள். மறைக்க எவரிடமும் எதுவும் இல்லை. ஒண்டியிருக்கும் முக்கால் பங்கினரை அந்த வாகனம் எட்டாது என்பதுதான் அதன் குறை. அவர்களை எட்டக்கூடிய இடம் பள்ளி மட்டுமே.

செய்யக்கூடியவை என்று எனக்குப் படுபவை பெரிய சட்டத் திருத்தங்களைக் கோரவில்லை. பரிசோதனைப் பட்டியலில் வசிப்பிட நிலைக்குக் கட்டம் இருக்கத் தேவையில்லை. அது தொடர்பு அலுவலரிடம் தனியே இருந்தால் போதும். முடிவுகளைக் கடிதத்தில் அனுப்பலாமா, கைபேசியில் சொல்லலாமா, நேரில் சொல்லலாமா என்று சேர்க்கையின்போதே எல்லாப் பெற்றோரிடமும் கேட்டு வைக்கலாம். சட்டமும் தொடர்பு விவரம் கேட்பதைத் தடுக்கவில்லை. சம்மதப் படிவம் தரும்போதே, செவிலியர் எதை யாருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர், எதைத் தெரிவிக்க வேண்டியதில்லை என்பதைப் பெற்றோரின் மொழியில் சொல்லலாம். அஞ்சும் தாய்க்கு வேண்டியது இந்தக் கடைசித் தகவல்தான். இன்றைய படிவங்களில் அரிதாகவே இருப்பதும் அதுதான்.

தடை பணத்தில் இருக்கிறது. மெக்கின்னி–வென்டோ கல்வித் திட்டத்துக்கு 2023 நிதியாண்டில் ஒதுக்கப்பட்டது 12.9 கோடி டாலர். கணக்கில் வந்த மாணவர் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு ஏறத்தாழ 94 டாலர். அதிலிருந்து பழைய பள்ளிக்கே பிள்ளையை அழைத்துவரும் பேருந்துக்கும், பைக்கும் உடைக்கும், பல மாவட்டங்களில் வேறு இரண்டு மூன்று பொறுப்புகளையும் சேர்த்துச் சுமக்கும் அந்தத் தொடர்பு அலுவலரின் நேரத்துக்கும் செலவழிக்க வேண்டும். இரண்டாவது கண்ணாடி இந்தக் கணக்கில் யாருடைய பொறுப்பிலும் இல்லை.